மூன்று சுண்டு மா

ஆரையம்பதியில் எந்தக் கடைக்காயினும் சென்று, "ஒரு றாத்தல் பாண் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் மறுபேச்சின்றி எடுத்துத் தருவார். வாங்கும் பையனுக்கு வயது பத்து இருக்கும். றாத்தல் என்பது எவ்வளவு நிறையென்று அவன் எந்தப் பாடசாலையிலும் படித்திருக்க மாட்டான். அவன் தந்தையுங்கூடப் படித்திருக்க மாட்டார். அந்த நிறை நம் நாட்டின் சட்டப் புத்தகத்தை விட்டு வெளியேறி நெடுங்காலமாயிற்று. 1970ஆம் ஆண்டுகளிலே மெற்றிக் முறை இலங்கைக்குள் புகுந்தது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் அதற்கு முழு உருவம் கொடுத்தது. சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பாண் 450 கிராம். நம் வாய்க்கு அது றாத்தல். மெய்யான றாத்தலோ 453.6 கிராம். மூன்றரைக் கிராம் இடுக்கிலே ஒரு சொல் உயிர் பிழைத்துக் கிடக்கிறது.

பாண் மட்டுமா? தேங்காயெண்ணெயையும் தேனையும் நாம் இன்னும் போத்தற் கணக்கிலேதான் பேசுகிறோம். ஆறு போத்தல் ஒரு கலன் என்பது ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு. அந்தக் கணக்கின்படி ஒரு போத்தல் 758 மில்லிலீற்றர் வரும். இன்று 750 என்று கொள்கிறோம். அங்கே எட்டு மில்லிலீற்றர் ஆவியாயிற்று. தட்டார் கடையிலே மட்டும் சங்கதி மறுபக்கம் திரும்புகிறது. ஆங்கில அரசரின் தலை பொறித்த பொற்காசின் நிறை 7.988 கிராம். அதைத்தான் நாம் பவுண் என்று அழைத்து, 8 கிராமாக நிறுக்கிறோம். உலோகங்களிலே பொன் ஒன்றுக்குத்தான் இந்தச் சலுகை கிடைத்தது போலும்!

இந்த வேடிக்கைகளை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு தொலைபேசி அழைப்பினால். அக்கா காலமான பின்னர் அவருடைய சமையற் குறிப்புக் கொப்பி அவர் மகளோடு மெல்பேணுக்குப் போயிற்று. தாயின் முதலாவது ஆண்டுத் திதிக்கு முந்திய மாதம் மருமகள் பேசினாள்.

"மாமா, அம்மாவின் பட்டர் கேக்கைச் செய்து பார்க்க வேணும். பிள்ளைகள் கேட்கிறார்கள். கொப்பியில் எழுதியிருப்பது பாதி விளங்கவில்லை."

என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். பட்டர் 1 றாத்தல். சீனி 1 றாத்தல். முட்டை 10. பால் 4 அவுன்ஸ். மா, எங்கள் சுண்டால் 3. சூடு 350.

சூட்டை முதலில் தீர்த்தோம். "இங்கே அடுப்பு 250க்கு மேலே போகாதே மாமா!" என்று அவள் அங்கலாய்த்தாள். அக்கா மட்டக்களப்பிலே மனையியல் படித்த காலத்தில் எழுதிய எண் அது, பரன்ஹைற் பாகை. முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தாற் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் 177 வரும். அவளுடைய அடுப்புக்கு அது போதும். பெத்தா காலத்திலே இந்த எண் எதுவும் இருந்ததில்லை. சட்டியின் கீழும் நெருப்பு, மூடியின் மேலும் நெருப்பு. மணம் வந்தால் இறக்க வேண்டியதுதான்.

றாத்தலும் இலகுவாகத் தீர்ந்தது. அவுன்ஸ் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மாவுக்கு ஓர் அவுன்ஸ் உண்டு, பாலுக்கு வேறோர் அவுன்ஸ் உண்டு; முன்னது நிறை, பின்னது கொள்ளளவு. போதாக்குறைக்குப் பாலின் அவுன்ஸ் பிரித்தானியாவில் 28.4 மில்லிலீற்றர், அமெரிக்காவில் 29.6. மேசைக்கரண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாடுகளில் அது 15 மில்லிலீற்றர். மருமகள் வாழும் அவுஸ்திரேலியாவிலோ 20. ஒரே பெயரைச் சூடிக்கொண்டு இத்தனை பேர் உலவினால் ஏழைச் சமையற்காரி எவரை நம்புவது?

எஞ்சியது சுண்டு. அது எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் வீட்டு அடுப்படியிலேதான் இருக்கிறது.

சுண்டு என்பது என்னவென்று இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நான்கு சுண்டு ஒரு கொத்து. ஒரு கொத்து அரிசி இரண்டு றாத்தல். பங்கீட்டு அரிசிக் காலத்தில் இந்த நாட்டின் அரசியலே கொத்தின் மீது உட்கார்ந்திருந்தது. 1953இல் கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1966இல் இரண்டு கொத்து ஒரு கொத்தாயிற்று. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த இரண்டாவது கொத்தே மேடைதோறும் முழங்கிற்று. கிலோக்கிராமுக்காக இப்படி எவரும் வீதிக்கு இறங்கியதாக நான் அறியேன்.

வீட்டிலே சுண்டென்று தனியாக ஒரு பாத்திரம் வாங்குவோர் குறைவு. வெறுமையான பால்பேணியோ சிகரெட் பேணியோ அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டுச் சுண்டு ஒரு பால்பேணி. பதினான்கு அவுன்ஸ் கட்டிப்பால் அடைத்த பழைய பேணி வகை. அந்த அளவுக்கு அஞ்சலி செய்வது போல, வெளிநாடுகளிலே இன்றும் 397 கிராம் என்ற விசித்திர எண்ணைப் பேணிகளில் அச்சிடுகிறார்கள். எங்கள் பேணியின் ஒரு பக்கம் நெளிந்திருக்கும். யார் எப்போது போட்டு நெளித்தார்கள் என்பது வீட்டில் தீராத வழக்கு. அக்கா "எங்கள் சுண்டால்" என்று எழுதியது அந்த நெளிவையும் சேர்த்துத்தான்.

மருமகளுக்காகப் பேணியைக் கழுவித் துடைத்து, மாவை நிரப்பி, பக்கத்தில் தட்டி, மேலே விரலால் அமர்த்தி, வழித்து மட்டமாக்கிக்கொண்டு, சந்தியிலுள்ள கடையின் மின்தராசுக்குப் போனேன். பேணியின் நிறையைக் கழித்ததும் 198 கிராம் என்று காட்டிற்று. மூன்று சுண்டுக்கு 594. "அறுநூறு என்று வைத்துக்கொள் பிள்ளை" என்று அன்றிரவே அறிவித்தேன். விஞ்ஞானமுறைப்படி ஒரு காரியம் செய்துவிட்ட பெருமிதத்துடன் படுத்து உறங்கினேன்.

இரண்டு நாள் கழித்து அவள் பேசினாள். குரலில் ஈரம் இருந்தது. கேக் கல்லாகப் போயிற்றாம். "அம்மாவின் கை வேறுதான் மாமா" என்றாள். அந்த வார்த்தை என்னை வருத்திற்று. அக்காவின் கையைக் குறித்து எவருக்கும் ஐயமில்லை. ஆனால் என் கணக்கைக் குறித்து எனக்கு ஐயம் பிறந்தது.

அந்த வாரத்திலேதான் எங்கள் சமையலறை அலுமாரிக்கும் ஒரு வில்லங்கம் வந்தது. புதிய தட்டுக்கள் போடுவதற்காக ஊரிலுள்ள முதிய ஓடாவியார் ஒருவரை அழைத்திருந்தேன். சட்டங்கள் முதிரையில், தட்டுக்கு மட்டும் ஒட்டுப்பலகை. சட்டத்தில் ஆறு நூல் அகலத்துக்குக் காடி வெட்டி, பலகையை அதிற் செருகுவது அவர் தந்தை காலத்து வழக்கம். அங்குலத்துக்கு எட்டு நூல்; ஆறு நூலென்றால் முக்கால் அங்குலம். வெட்டி முடித்துப் பலகையைச் செருகினார். அது பல்லுப் போன கிழவனின் வாயிலே சுருட்டு ஆடுவது போல ஆடிற்று!

ஓடாவியார் பலகையை உருவிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பலகையல்லோ மெலிஞ்சு போச்சு மாஸ்டர். என்ட உளி மெலியல்லையே."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு மெய். பலகையின் ஓரத்தில் 18 மில்லிமீற்றர் என்று அச்சிட்டிருந்தது. முக்கால் அங்குலமோ 19.05 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட இந்த இடைவெளியிலே கரப்பான் குஞ்சு ஒன்று குடும்பம் நடத்தலாம். ஓடாவியாரின் உளி முக்கால் அங்குல உளி; அவர் தந்தை கையாண்டது. அரசாங்கம் சட்டத்தை மாற்றலாம், பாடப்புத்தகத்தை மாற்றலாம், அளவு நாடாவின் ஒரு கரையிலே மில்லிமீற்றரைப் பொறிக்கலாம். உளியின் வாயை என்ன செய்வது? பழைய அளவுகள் ஏன் இத்தனை பிடிவாதமாக நிலைக்கின்றன என்று பலர் வியக்கிறார்கள். அவை நம் மூளையில் இருப்பவை அல்ல. உளியிலும், பேணியிலும், கதவு நிலையிலும், ஓட்டின் நீளத்திலும் அவை குடியிருக்கின்றன. அந்தப் பொருள்கள் தேய்ந்து மறையும்வரை அவையும் மறையமாட்டா.

"மறுகா என்ன செய்யிற?" என்று கேட்டேன், அவர் பாஷையிலேயே.

அவர் அளவு நாடாவைத் தொடவேயில்லை. பலகைத் துண்டொன்றை எடுத்து, அடுத்த சட்டத்தின் மேல் நிறுத்தி, இருபுறமும் கூரிய பென்சிலால் கோடிட்டார். கோட்டுக்கு உள்ளே அரை இழை விட்டுச் சிறிய உளியால் வெட்டினார். பலகை இறுகிப் போய் உட்கார்ந்தது. முந்திய காடிகளுக்கு மெல்லிய ஆப்புச் சீவி இறக்கினார்.

வேலை முடிந்து தேநீர் அருந்தும்போது 1978ஆம் ஆண்டின் கதையைச் சொன்னார். நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பைச் சூறையாடிற்று. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கூரையோடு தப்பிய வீடுகளை எண்ணிவிடலாம். அடுத்த மாதங்களில் ஓடாவிமாருக்கு ஓய்வே கிடையாது. அப்போது இவர் தந்தைக்குச் சிலாகை எடுத்துக் கொடுக்கும் பையன். பழைய ஓடு ஒரு நீளம், புதிதாக லொறியில் வந்த ஓடு இன்னொரு நீளம். அங்குலத்தில் அளந்த பழைய இடைவெளிக்குச் சிலாகை அடித்துவிட்டால் புதிய ஓட்டின் கொளுவி எட்டாது. அல்லது ஓடு ஓட்டின்மேல் ஏறி நிற்கும். முதல் மழைக்கே வீடு ஒழுகும். தந்தையார் என்ன செய்தார் தெரியுமா? வந்திறங்கிய ஓட்டில் ஒன்றை எடுத்துச் சிலாகைமேல் வைத்து, கொளுவி விழும் இடத்தில் குறியிட்டு, அந்தக் குறிகளை ஒரு நீண்ட தடியிலே பதித்துக்கொண்டார். அந்தத் தடியை வைத்துக் கூரை முழுவதையும் அடித்து முடித்தார். "ஓட்டைக் கேட்டு அடி எண்டுதான் வாப்பு சொல்லுவார்" என்றார் ஓடாவியார். தடியில் எண் எதுவுமில்லை. எண் இல்லாதபடியால் தவறும் இல்லை.

உலகம் எண்களை நம்பிப் பட்ட பாடுகள் சில இருக்கின்றன. 1983ஆம் ஆண்டு யூலையில் கனடாவிலே ஒரு பெரிய பயணிகள் விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கிலோக்கிராமிற் போட வேண்டிய கணக்கை றாத்தலிற் போட்டதால், தேவையானதிற் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு அது கிளம்பியிருந்தது. கிம்லி என்னும் ஊரிலுள்ள கைவிடப்பட்ட ஓடுபாதையிலே விமானி அதைச் சறுக்கி இறக்கியதால் அனைவரும் பிழைத்தனர். 1999இல் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய அமெரிக்க விண்கலம் ஒன்று இதே குழப்பத்தால் அழிந்தே போயிற்று. இவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் அலுமாரி தூசு.

மெற்றிக் முறையை நான் குறை கூறுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். மீற்றர் பிறந்த கதை மனிதனின் மேன்மைக்கு ஒரு சான்று. மன்னனின் கால் நீளமும் பிரபுவின் கை நீளமும் ஊருக்கு ஊர் வேறுபட்டுக் குடியானவனை வஞ்சித்தன. ஆகவே எல்லார்க்கும் பொதுவான பூமியையே அளவாகக் கொள்வோம் என்று பிரெஞ்சு அறிஞர்கள் 1791இல் தீர்மானித்தார்கள். துருவத்திலிருந்து பூமத்திய ரேகைவரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீற்றர். டெலம்பர், மெஷேன் என்னும் இருவர் 1792இல் தொடங்கி ஆறேழு ஆண்டுகள், புரட்சிக்கும் போருக்கும் நடுவே, டன்கேர்க்கிலிருந்து பார்சிலோனாவரை நிலத்தை அளந்தார்கள். அத்தனை பாடுபட்டும் மீற்றர் ஐந்தில் ஒரு மில்லிமீற்றர் குறைந்துவிட்டது. நம் ஓடாவியாரின் பென்சிற் கோட்டளவு. அங்குலத்தின் கதியோ இன்னும் வேடிக்கை. 1959இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் வேறு நான்கு நாடுகளும் கூடி, ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அன்றுமுதல் அங்குலமே மீற்றரின் குடிவாரக் குடியானவன்தான். நம் நாடு காசு விஷயத்தில் ஆங்கிலேயரை முந்திக்கொண்டதும் நினைவுகூரத்தக்கது. நூறு சதம் ஒரு ரூபா என்ற பதின்மக் கணக்கு இலங்கையில் 1872இலேயே நடைமுறைக்கு வந்தது. நம்மை ஆண்டவர்கள் தங்கள் பவுணை நூறாகப் பிரித்துக்கொள்ள 1971வரை காத்திருந்தார்கள்.

செய்பவனுக்கு எந்த அளவும் ஆகும் என்பதே என் எண்ணம். பெத்தா சோற்றுக்குத் தண்ணீர் விடும்போது அரிசியின் மேல் விரலை ஊன்றி, கணுவைப் பார்ப்பார். அது மெற்றிக்கும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. சோறு ஒருநாளும் குழைந்ததில்லை. விற்பவன் கையில்தான் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அளவு புழங்கும் கடையிலே நட்டப்படுகிறவன் வாங்குகிறவனே.

நானே பட்டிருக்கிறேன். முன்னொரு முறை கூரை திருத்துவதற்கு நாலுக்கு இரண்டு மரத்தில், பன்னிரண்டு அடி நீளம், பத்துத் துண்டு வாங்கினேன். எங்கே என்பது வேண்டாம். கன அடிக் கணக்கில் காசு வாங்கினார்கள்: 6⅔ கன அடி. வீட்டுக்கு வந்து அளந்தால் ஒவ்வொரு துண்டும் மூன்றேமுக்காலுக்கு ஒன்றேமுக்கால். அந்தக் கால் அங்குலம் ஒரு பொருட்டா என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். எட்டுச் சதுர அங்குலம் இருக்க வேண்டிய முகத்தில் ஆறரைதான் இருந்தது. மொத்தத்தில் 1.2 கன அடி மரம், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு, காற்றாகப் போயிற்று. திரும்பிச் சென்று கேட்டேன். "அது 95க்கு 45 மரம். மில்லிமீற்றர்க் கணக்கில் சரி" என்றார்கள். பெயர் சொல்வதும் பணம் வாங்குவதும் அடியில். மரம் கொடுப்பது மில்லிமீற்றரில்! வாள் தின்ற தூளுக்கும் நான்தான் காசு கொடுக்க வேண்டுமென்றால், அதையாவது சாக்கில் கட்டித் தந்திருக்கலாம், கோழிக்கூட்டுக்குப் போட்டிருப்பேன்.

பாண் விஷயத்தில் அரசாங்கம் இந்தச் சூழ்ச்சிக்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. 2024 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று கட்டளையிட்டது. முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 9 கிராமும் குறையலாம் என்று சலுகையும் கொடுத்தது. மாவின் விலை ஏறிய நாட்களிலே பாண் சத்தமின்றி மெலிந்ததை நாம் எல்லாரும் கண்டோம். காலையில் பாணையும் சம்பலையும் நம்பித் தோணிக்கும் கூலி வேலைக்கும் போகிறவனுக்கு ஐம்பது கிராம் என்பது ஒரு கடி. பழைய றாத்தலில் மூன்றரைக் கிராமைச் சட்டம் எடுத்ததை நான் பொருட்படுத்தவில்லை. சட்டத்துக்குத் தெரியாமல் எடுப்பதைத்தான் பொருட்படுத்துகிறேன். தராசில் வைத்து நிறுத்துத் தரும்படி கேட்க நம்மவர்க்குக் கூச்சம். கேட்டுப் பழக வேண்டும்.

மருமகளின் கேக்குக்கு வருகிறேன். ஓடாவியார் போன மாலை, "ஓட்டைக் கேட்டு அடி" என்ற வார்த்தை மனத்திலே சுற்றிக்கொண்டிருந்தது. பேணியை மீண்டும் எடுத்தேன். அக்கா மா அளக்கும் காட்சியைக் கண்ணுக்குள் கொண்டுவர முயன்றேன். அவர் பேணியை மாவுக்குள் விட்டு அள்ளியதேயில்லை. முதலில் சுளகிலே கடதாசி விரித்து மாவை இரண்டு முறை அரிப்பார். அரித்த மாவைக் கரண்டியால் எடுத்துப் பேணிக்குள் உதிர விடுவார். தட்டமாட்டார், அமர்த்தமாட்டார். மேலே கத்தியின் முதுகால் ஒரு வழி. அவ்வளவுதான்.

அப்படியே செய்து, பேணியைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு கடைக்கு நடந்தேன். தராசு 152 என்று காட்டிற்று. மூன்று சுண்டுக்கு 456 கிராம். நான் அந்த எண்ணைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றேன். பட்டர் ஒரு றாத்தல், சீனி ஒரு றாத்தல், மாவும் ஒரு றாத்தல்! வீட்டில் தராசு இல்லாத காலத்திலே அக்கா அந்த நெளிந்த பேணியால் றாத்தலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நானோ அதன் மேல் விரலை வைத்து அமர்த்தி, மூன்றில் ஒரு பங்கு மாவை மேலதிகமாகத் திணித்து, அவருடைய கைப்பக்குவத்தின் மேல் பழி விழச் செய்துவிட்டேன்.

திதிக்கு மறுநாள் மெல்பேணிலிருந்து படம் வந்தது. நடுவிலே சற்று வெடித்து, ஓரம் பொன்னிறமாக, அக்காவின் கேக் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சின்னவன் கையில் ஒரு துண்டு. வாயில் ஒரு துண்டு.

இப்போது அவள் கொப்பியின் அடுத்த பக்கத்துக்கு வந்திருக்கிறாள், பயற்றம் பணியாரம். அங்கே றாத்தலும் இல்லை, சுண்டும் இல்லை. "பொரித்த தேங்காய்ப்பூ இரண்டு சிறங்கை" என்று அக்கா எழுதி வைத்திருக்கிறார். அதை நிறுக்க எந்தக் கடைக்குக் கொண்டுபோவது? சற்று யோசித்துவிட்டு, "அம்மாவின் காப்புகள் உன்னிடம்தானே இருக்கின்றன, போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"எனக்கு இறுக்கம் மாமா, ஏறவில்லை."

"அப்படியென்றால் கொஞ்சம் குறைத்துப் போடு" என்றேன்.